லியோட்டா பிஜனின் சிமெண்டுப் படிகள்

சாக்ரமெண்டோ, கலிபோர்னியா
1998 ஜனவரி 14

மதிப்பிற்குரிய திரு. ஏமஸ் ஸ்கிரேப்பர் அவர்களுக்கு,

என்னை உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ. நான் லியோட்டா பிஜனின் மகள். பதினைந்து மாதத்துக்கு முன்னால் அம்மாவின் அடக்கத்தின்போது எல்ம் ஹாலோ சர்ச் வாசலில் வாடகைக் காரை ஒட்டியே நின்றுகொண்டிருந்தேன். குழியில் மண் தள்ள மண்வெட்டியை முதலில் என் கையில்தான் கொடுத்தீர்கள். கல்லறை மேட்டுக்கு ஏறும்போது ஒரு படியில் கால் வழுக்கியது, நீங்கள் முழங்கையைப் பிடித்தீர்கள். அந்தப் படிகள் ஏன் தலையணை தலையணையாக உப்பியிருக்கின்றன என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் பெயரில் உங்கள் பக்கத்து டாலிக்வா நகரத்தில் ஒரு நினைவு அறக்கட்டளை தொடங்கியிருக்கிறார்கள். ஒன்பது பூர்வகுடி ஊர்களின் கூட்டுச் சபைக்கு முதல் பெண் தலைவியாகப் பதின்மூன்று வருடம் இருந்தவருக்கு நெடுஞ்சாலை ஓரமாக ஒரு பூங்கா கட்டப் போகிறார்களாம். எல்ம் ஹாலோவில் இருக்கும் அம்மாவின் கல்லறையை எடுத்து அந்தப் பூங்காவின் நடுவில் வைக்க விரும்புகிறார்கள். மண்பாதையில் பன்னிரண்டு மைல் உள்ளே போய் யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே வாரிசு நான். சர்ச் ஆட்சேபிக்காவிட்டால் என் கையெழுத்து போதுமாம்.

கல்லறை மேட்டைப் பார்த்துக்கொள்பவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன். உங்களுக்கோ ஊரில் வேறு யாருக்கோ ஆட்சேபணை இருந்தால் பிப்ரவரி முடிவதற்குள் எழுதித் தெரிவிக்கவும். இல்லையென்றால் எல்லோருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன். நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். வாசகம் விறைப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கை அப்படிப் பழகிவிட்டது.

இப்படிக்கு,
இனெஸ் சில்வேரா


எல்ம் ஹாலோ, ஒக்லஹோமா
1998 பிப்ரவரி 9

அன்புள்ள இனெஸுக்கு,

உன் கடிதம் வந்தது. நேற்று சர்ச்சில் பாட்டெல்லாம் முடிந்த பிறகு எழுந்து நின்று படித்தேன், ஆங்கிலத்தில் ஒரு தடவை, எங்கள் பேச்சில் ஒரு தடவை. எல்லோரும் கேட்டார்கள். பிறகு சாப்பிட்டோம்.

இந்த வருடம் குளிர் விட்டபாடில்லை. குளிர் எப்படி இருக்கும் என்று அக்டோபரிலேயே என் மனைவி ஆலி சீமைப்பனிச்சைப் பழத்தின் விதையைப் பிளந்து பார்த்தாள். உள்ளே கரண்டி மாதிரி இருந்தது. "கரண்டின்னா பனியை அள்ளித்தான் கொட்டணும், விறகை இப்பவே வெட்டிப் போடு கெழவா"ன்னு சொன்னாள். நான் வெட்டவில்லை. இப்போது தினமும் திட்டு வாங்கிக்கொண்டே வெட்டுகிறேன்.

பன்றிகளில் பெரியது வேலியை முட்டிச் சாய்த்துவிட்டு ஓடைப் பக்கம் போய்விட்டது. ஒரு பன்றி ஒரு வேலியை வெறுத்துவிட்டால் பிறகு அதை அதே இடத்தில் கட்டி வைக்க முடியாது. வேறு இடத்தில் கட்டினால் அங்கேயும் நிற்காது. தான் பிறந்த பட்டியின் மூலையிலேயே வந்து படுத்துக்கொள்கிறது. மூன்று பேர் சேர்ந்து இழுத்தோம். அதற்கு எங்கள் மேல் ஒரு மரியாதையும் இல்லை. சின்னப் பன்றிகள் இரண்டுக்கும் இருமல். பக்கத்து வீட்டுப் பன்றிகளுக்கும் அப்படித்தானாம். ஆலி சோள மாவில் என்னவோ கலந்து கொடுக்கிறாள்.

ஓடையில் தண்ணீர் பாலத்துக்கு ஒரு முழம் கீழே ஓடுகிறது. ஆலியின் முழங்கால் பரவாயில்லை. காட்டில் பொறுக்கிய ஹிக்கரி மரத்துக் கொட்டையை இடித்து உருண்டை பிடித்திருக்கிறாள். இரண்டு உருண்டை இத்துடன் அனுப்புகிறேன். வெந்நீரில் கரைத்து வடிகட்டி, சாதம் போட்டுக் குடி. ஓட்டுத் துண்டு பல்லில் மாட்டினால் எங்களைத் திட்டாதே.

ஏமஸ் ஸ்கிரேப்பர்


சாக்ரமெண்டோ
1998 மார்ச் 3

மதிப்பிற்குரிய திரு. ஸ்கிரேப்பர் அவர்களுக்கு,

கடிதத்துக்கும் உருண்டைகளுக்கும் நன்றி. ஓட்டுத் துண்டு மாட்டத்தான் செய்தது.

சர்ச்சில் எல்லோருக்கும் படித்துக் காட்டியதற்கு நன்றி. யாரும் ஆட்சேபிக்கவில்லை என்பதால் ஒன்றாம் தேதி கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மே இருபதாம் தேதி ஆட்களோடு வருவார்கள். நீங்கள் கேட்டைத் திறந்து வைத்தால் போதும் என்றார்கள்.

ஒன்று சொல்லலாமா? அம்மாவைப் பற்றி ஒரு வரி எழுதுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் இரண்டு பக்கம் பன்றிகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். தேர்தலில் அம்மாவை எதிர்த்து நின்று தோற்றவர் நீங்கள் என்று அறக்கட்டளைக்காரர்கள் சொன்னார்கள். அதனால்தானோ என்று நினைத்துக்கொண்டேன்.

இனெஸ் சில்வேரா


எல்ம் ஹாலோ
1998 மார்ச் 16

அன்புள்ள இனெஸுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்புப் பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டினேன். ஆலி கடிதத்தை வாங்கிப் படித்தாள். "அம்மா மாதிரியேதான் பொண்ணும்"னாள். அவள் சொன்னது சரி. நீ செய்திருப்பது உன் அம்மா 1979இல் செய்த அதே தப்பு, வரி பிசகாமல்.

உன் அம்மா பன்னிரண்டு வயதில் இங்கிருந்து போனாள், முப்பத்தொரு வயதில் திரும்பி வந்தாள். அப்போது ஓடைக்குப் பாலம் கிடையாது. மழை வந்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது, பிரசவ வலி வந்தவள் அக்கரைக்குப் போக முடியாது. பாலம் கட்டலாம் என்று கிளம்பியவள் அவள்தான். சிமெண்டு கேட்டு வாங்கினாள், வரைபடம் போட்டாள், சர்ச்சில் கூட்டம் கூட்டினாள். பாலத்துக்கு அவள் குறித்த இடம் பெரிய மடு. கடைசியில் கேட்டாள்:

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தோம். கொஞ்ச நேரம் கழித்து ஜின்சிக் கிழவி, "இந்த வருஷம் ஓடையில நண்டு நெறைய"ன்னாள். "ஆமா ஆமா"ன்னோம். உன் அம்மா நோட்டில் 'ஏகமனதாக' என்று எழுதிக்கொண்டாள்.

அந்த மடுவில்தான் எங்கள் ஆட்கள் விடியற்காலையில் கிழக்குப் பார்த்து முங்கி எழுவார்கள். அவள் தாத்தாவின் தாத்தா காலத்திலிருந்து அப்படி. அங்கே சிமெண்டைக் கொட்டுவதாவது! ஆனால் ஒருத்தரை முகத்துக்கு நேரே, அதுவும் நாலு பேர் நடுவில், முடியாது என்று சொல்வது எங்களுக்கு வராது. அது அடிப்பது மாதிரி. பேசாமல் இருந்தோம் என்றால் முடியாது என்று அர்த்தம். நண்டைப் பற்றிப் பேசினோம் என்றால் முடியவே முடியாது என்று அர்த்தம்.

சனிக்கிழமை வேலை. நாற்பது மூட்டை சிமெண்டை ஓடைக்கரையில் அடுக்கிவைத்துவிட்டு அவள் காத்திருந்தாள். ஒரு ஆள் போகவில்லை. நான் போகவில்லை. மறுநாளும் அவள் காத்திருந்தாள். திங்கள்கிழமை மழை பிடித்துக்கொண்டது, நாற்பது மூட்டையும் அப்படியே கல்லாகிவிட்டது. நீ வழுக்கினாயே, அதுதான் அந்தப் படி. குனிந்து பார்த்திருந்தால் சாக்கின் நெசவு தெரிந்திருக்கும். 'என் முட்டாள்தனம் எல்லாருக்கும் காலடியில கெடக்கட்டும்'னு அவளே ஒவ்வொன்றாக உருட்டி மேட்டில் பதித்தாள்.

இதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "லியோட்டா, அந்த மடு வேண்டாம், கீழே வெள்ளைமரத்துப் பக்கம் பாறை நல்லாருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருந்தது. அவள் மான் குலம், நானும் மான் குலம், அண்ணன் மாதிரி. நான் சொல்லவில்லை. பெண் பிள்ளை முன்னால் நின்று நாங்கள் பின்னால் நிற்பதா என்று ஒரு அற்பப் புத்தி. அவள் தனியாக ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்ததை மேட்டின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வருடம் கழித்துத் தேர்தலிலும் நின்று தோற்றேன். நல்ல வேளை தோற்றேன்.

அன்று அவளுக்குச் சொல்லாததை இன்று உனக்குச் சொல்கிறேன். எழுபத்தொரு வயதில் முதல் தடவையாக இந்த வார்த்தையை மையில் எழுதுகிறேன். வேண்டாம், இனெஸ். அவளை எடுக்காதே. அந்தக் குழியை நாங்கள் எங்கள் கையால் வெட்டினோம். அவளுக்கு இந்தப் பக்கம் ஜின்சி, அந்தப் பக்கம் அவள் அம்மா. கூலிக்கு வந்தவன் அவள் மேல் மண்வெட்டி வைக்கக் கூடாது.

எழுதிவிட்டேன்.

ஏமஸ் ஸ்கிரேப்பர்


சாக்ரமெண்டோ
1998 மார்ச் 28

திரு. ஸ்கிரேப்பர் அவர்களுக்கு,

எனக்குக் கோபம் வருகிறது. மறைக்க விரும்பவில்லை.

பிப்ரவரியில் 'வேண்டாம்' என்ற ஒரே வார்த்தையை எழுதியிருந்தால் நான் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன். செருப்பையும் நண்டையும் பன்றியையும் வைத்து நான் என்ன கண்டுபிடிக்க முடியும்? எனக்கு அந்தப் பாஷையை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சொல்லிக் கொடுக்க வேண்டியவள் கிளம்பிப் போய்விட்டாள்.

1976 ஜூன். எனக்குப் பத்து வயது. அப்பா மாட்டுக் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தார். அவர் அசோர்ஸ் தீவுக்காரர், மாடுகளை விட்டு எங்கேயும் வர மாட்டார், அது எல்லோருக்கும் தெரியும். உங்கள் ஊருக்குத் திரும்பக் கிளம்பிய அம்மாவின் பச்சை வண்டியில் பெட்டிகள் ஏறிவிட்டன. அம்மா என் முன்னால் குந்தி உட்கார்ந்து, "நீ என்கூட வரியா, இனெஸ்?"னு கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வருகிறேன் என்றால் அப்பா தனியாகிவிடுவார், வரவில்லை என்றால் அவள் போய்விடுவாள். இன்னொரு தடவை கேட்பாள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிடா கண்ணு"ன்னு எழுந்து போய் வண்டியை எடுத்தாள்.

அதன் பிறகு பிறந்தநாள் அட்டைகள், அவள் இங்கே வந்து போன இரண்டு கோடை விடுமுறை. அவ்வளவுதான். அவள் ஒன்பது ஊருக்கும் தாயாக இருந்தாள் என்று அறக்கட்டளைப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை என்னால் முழுதாகப் படிக்க முடியவில்லை.

உங்கள் மேட்டில் எனக்கு இடமில்லை. அடக்கத்தன்று பெண்கள் பாடினார்கள், ஒரு வார்த்தை புரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஒருவரும் பேசவில்லை. நெடுஞ்சாலைப் பூங்காவில் யாரும் என்னை யார் என்று கேட்க மாட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன், எழுந்து போவேன். அவ்வளவு போதும் எனக்கு. கையெழுத்தை நான் திரும்ப வாங்கப் போவதில்லை. இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

இனெஸ்


எல்ம் ஹாலோ
1998 ஏப்ரல் 13

அன்புள்ள இனெஸுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். கல்லறையைப் பற்றி எழுதவில்லை. சிமெண்டு கல்லான பிறகு உன் அம்மா என்ன செய்தாள் என்று எழுதுகிறேன். அது பாதிக் கதையாகவே நின்றுவிட்டது.

ஒரு குளிர்காலம் முழுக்க அவள் வீடு வீடாகப் போனாள். இருபத்து மூன்று வீடு. பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போவாள், உட்காருவாள், பீன்ஸும் சோள ரொட்டியும் கொடுத்தால் சாப்பிடுவாள், பாத்திரம் கழுவுவாள், போய்விடுவாள். எங்கள் வீட்டில் மட்டும் ஏழு தடவை. நான் முகம் கொடுத்தே பேச மாட்டேன். ஆலிதான் பேசுவாள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது என்ன பேசுவது? இங்கே யாரையும் அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது. கலிபோர்னியா கதை யாருக்கு வேண்டும்? அதனால் உன்னைப் பற்றிப் பேசுவாள். சைக்கிளில் இருந்து விழுந்து இடது கையை ஒடித்துக்கொண்டாய். முட்டையின் மஞ்சளைத் தொட மாட்டாய். மாடுகளுக்கு எல்லாம் வாரக் கிழமைகளின் பெயர் வைத்தாய், எட்டாவது மாட்டுக்குப் பெயர் கிடைக்காமல் அழுதாய். இருபத்து மூன்று வீட்டிலும் இது தெரியும். அடக்கத்தன்று எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள் என்றாயே. பிறகு எப்படிப் பார்க்காமல் இருப்பார்கள்? உனக்கு அவர்களைத் தெரியாது, அவர்களுக்கு உன் எட்டாவது மாடு வரை தெரியும். கூச்சமாக இருந்தது அவர்களுக்கு. ஆலிதான் போய் உன் கையில் தட்டைக் கொடுத்தாள், காட்டுத் திராட்சைக் கொழுக்கட்டை. உனக்கு முட்டை வைக்கக் கூடாது என்று தட்டு போட்டவளிடம் அவள்தான் சொன்னாள்.

ஜின்சி வீட்டில் ஒரு நாள் நானும் இருந்தேன். பச்சை வண்டிக் கதையை உன் அம்மா அங்கே சொன்னாள். "கேட்டேன், பதில் சொல்லல. அப்பாகிட்டயே இருக்கட்டும்னு வந்துட்டேன்"ன்னாள். ஜின்சி அதுவரை அவளிடம் கடுமையாக ஒரு வார்த்தை பேசினதில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"நாங்க பேசாம இருந்தப்ப சரின்னு எடுத்துக்கிட்டே. உம் பொண்ணு பேசாம இருந்தப்ப வேண்டாம்னு எடுத்துக்கிட்டே. ரெண்டு தடவையும் உனக்கு எது சவுகரியமோ அதைத்தான் எடுத்துக்கிட்டே. உக்காரத் தெரியலடி உனக்கு. அவ பேசுற வரைக்கும் உக்காந்திருக்கணும்."

உன் அம்மா அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு ஜின்சி அவள் தட்டில் காட்டு வெங்காயமும் முட்டையும் போட்டுவிட்டு, "வெள்ளைமரத்துகிட்ட பாறை நல்லா இருக்கு"ன்னாள். "என்னிக்காவது அந்தப் பொண்ணு வந்தா ஓடையை எப்படித் தாண்டும்? எத்தனை மணிக்கு வரணும், என்ன கொண்டு வரணும், சொல்லு"ன்னாள்.

அதுதான் எங்கள் ஊரில் சம்மதம் சொல்லும் விதம். சரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எத்தனை மணிக்கு, என்ன கொண்டு வரணும், அவ்வளவுதான். சனிக்கிழமை அறுபது பேர் வந்தோம். நான் மண்வெட்டி கொண்டு போனேன். உன் அம்மாவுக்கு அந்தப் பாலம் பெருமையாக இருந்ததில்லை. 'பாதிதான் கட்டி முடிச்சிருக்கு'னு சொல்லிக்கொண்டே இருப்பாள். சிமெண்டு பத்தவில்லையோ என்று நாங்கள் நினைத்தோம்.

இன்னொன்று. எங்களுக்குக் குலம் அம்மா வழியில். அவள் மான் குலம் என்றால் நீயும் மான் குலம். உன்னை யாரும் சேர்க்கவும் வேண்டாம், விலக்கவும் முடியாது. நான் உனக்குத் தாய்மாமன் முறை. மாமனுக்கு இங்கே திட்டுகிற உரிமை உண்டு. மார்ச் மாதக் கடிதத்தை அந்தக் கணக்கில் வைத்துக்கொள்.

ஏமஸ்


எல்ம் ஹாலோ
1998 மே 4

அன்புள்ள இனெஸுக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வேண்டாம் என்று அர்த்தம் என்று நான் முடிவு கட்டினேன். ஆலி கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். "நாப்பது மூட்டை சிமெண்டு மேல ஏறி ஏறி எறங்குறே, இன்னும் புத்தி வரல. அவ பேசாம இருந்தா என்ன அர்த்தம்னு உனக்கு எப்படிய்யா தெரியும்? போய்க் கேளு"ன்னாள். கலிபோர்னியா வரை போக என் வண்டி தாங்காது. அதனால் எழுதுகிறேன்.

இருபதாம் தேதி அவர்கள் வந்தால் கேட்டைத் திறந்து வைப்பேன். யாரும் தடுக்க மாட்டோம். யாரும் வரவும் மாட்டோம். உன் அம்மா உன் கையில் இருக்கிறாள். நீ என்ன செய்தாலும் உன்னைப் பற்றி இங்கே யாரும் ஒரு சொல் பேச மாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு.

மே மாதக் கடைசி ஞாயிறு நாங்கள் எல்லோரும் மேட்டில் கூடிக் கல்லறைகளைச் சுத்தம் செய்வோம். புல் செதுக்கி, பூ வைத்து, பாடி, கீழே வந்து சாப்பிடுவோம். அவள் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த இடத்தைச் சுத்தம் செய்வோம்.

உன் அம்மா உன்னிடம் ஒரு தடவைதான் கேட்டாள். கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் அண்ணன் என்கிற முறையில் நான் இரண்டாவது தடவை கேட்கிறேன். ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ வரியா, இனெஸ்?

உன் மாமா
ஏமஸ்


சாக்ரமெண்டோ
1998 மே 11

அன்புள்ள மாமாவுக்கு,

ஏப்ரல் கடிதத்தைப் பல நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் பேனா ஓடவில்லை. நீங்கள் மறுபடியும் எழுதாமல் இருந்திருந்தால் அப்படியே விட்டிருப்பேன். இருபதாம் தேதியும் வந்து போயிருக்கும்.

உங்கள் மே மாதக் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அலுவலகத்தில் இருந்தே அறக்கட்டளைக்கு போன் செய்து கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். போனை எடுத்த பெண்ணின் பேச்சில் உங்கள் ஊர்ப் பக்கத்து இழுப்பு இருந்தது. "சர்ச் தரப்புல ஆட்சேபணை எதுவும் பதிவாகலையே மேடம்"னாள். பதிவாகியிருக்கிறது, பிப்ரவரி ஒன்பதாம் தேதிக் கடிதம் என்னிடம் இருக்கிறது என்றேன். படியுங்கள் என்றாள். படித்தேன். வேலியை முட்டிய பன்றி, இழுத்த மூன்று பேர், இருமல், எல்லாவற்றையும். முடிக்கும் வரை கேட்டாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"ரெண்டு பக்கமா? ரெண்டு பக்கமும் பன்னியா? ஐயோ மேடம், இதைவிடப் பெருசா ஒருத்தர் 'கூடாது'ன்னு சொல்லவே முடியாதே!"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன், பக்கத்து மேஜைக்காரர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். அன்று மாலையே ரத்து செய்ததற்கான தாளை அனுப்பிவிட்டார்கள். நகல் இத்துடன் இருக்கிறது. பூங்காவை அம்மா பெயரிலேயே வைத்துக்கொள்ளட்டும், ஒரு மரத்தை நட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா மேல் இருக்கும் கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பாதிதான் போயிருக்கிறது. ஆனால் இருபத்து மூன்று மேஜைகளில் உட்கார்ந்து அவள் என் எட்டாவது மாட்டைப் பற்றிப் பேசியிருக்கிறாள். அதை எனக்குச் சொல்ல நீங்கள் இருந்தீர்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத வேண்டும். மே மாதக் கடைசி ஞாயிறு நான் எத்தனை மணிக்கு வர வேண்டும், மாமா? என்ன கொண்டு வர வேண்டும்?

இனெஸ்